ஜல்லி இறங்குவதற்கு முன்பே வேலையைப் பிடிப்பது எப்படி: பிளான் அப்ரூவல் முதல் டெண்டர் வரை

ரோட்டோரம் ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இங்க வேலை யாருண்ணே பார்க்கிறாங்க?" என்று கேட்கும் பழக்கம் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. நானும் பல வருடம் அப்படித்தான் அலைந்தேன். பத்து இடத்தில் கேட்டால் ஒன்பது இடத்தில், எல்லாம் பேசி முடிச்சாச்சு தம்பி என்றுதான் பதில் வரும். அது உண்மையும்கூட. ஜல்லி இறங்குகிற நாளில் காண்ட்ராக்டர் முடிவாகியிருப்பார், சென்ட்ரிங் மேஸ்திரி கையில் அட்வான்ஸ் போயிருக்கும், கம்பிக் கடையில் ரேட் பேசியிருப்பார்கள், எலக்ட்ரீஷியன்கூட இன்ஜினியரின் தெரிந்த ஆளாக உள்ளே வந்திருப்பார்.

அதே கட்டடம் அதற்கு ஆறு மாதம் முன்பு, பெரிய புராஜெக்ட் என்றால் ஒன்றரை வருடம் முன்பே, ஏதோ ஓர் அலுவலகத்தில் விண்ணப்பமாக இருந்திருக்கும். அந்த விண்ணப்பத்தின் விவரத்தில் பெரும்பகுதி நாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. அதை எங்கே பார்ப்பது, பார்த்துவிட்டு எப்போது யாரிடம் போவது, அரசு டெண்டர் என்றால் எதைப் படிக்காமல் ரேட் போடக்கூடாது, இதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சிறிய, நடுத்தர அளவில் வேலை எடுப்பவர்களை, சப் காண்ட்ராக்ட் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில்

முதலில் கட்டடத்தின் அளவைப் பாருங்கள். அளவுதான் விண்ணப்பம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தனி வீடு, சின்ன அடுக்குமாடி என்றால் உள்ளாட்சி. குடியிருப்பில் 10,000 சதுர அடி, எட்டு வீடு என்ற அளவுக்குள் இருப்பவற்றை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மட்டத்திலேயே பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் சென்னைப் பெருநகரப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., மற்ற மாவட்டங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம் எல்லோரும் சொல்கிற டி.டி.சி.பி. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம் என்ற வகைக்குப் போய்விடும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இந்தக் கணக்கு இருக்கிறது. உயரமான கட்டடத்துக்குத் தீயணைப்பு, போக்குவரத்து போலீஸ் என்று பல இடத்தில் தடையின்மைச் சான்று வாங்கியாக வேண்டும், அதனால் அனுமதிக்கு நாளாகும். நமக்கு அந்தத் தாமதம் நல்லது, தயாராக நேரம் கிடைக்கிறது.

தனி வீட்டில் அந்த நேரம் இப்போது கிடைப்பதில்லை. ஜூலை 2024-இல் சுயசான்று திட்டம் வந்த பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்டுகிறவர் ஆன்லைனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதியை டவுன்லோட் செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை அப்ரூவல் கிடைத்து அந்த வாரமே வாஸ்து பூஜை போடுகிறார்கள். ஆகவே தனி வீட்டு வேலையில் இருப்பவர்கள் அப்ரூவல் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் ஏரியாவில் பிளான் போட்டுக் கொடுக்கும் பதிவு பெற்ற இன்ஜினியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், அவர்கள் அலுவலகம்தான் உங்கள் பட்டியல். அப்புறம் வீட்டுக்கடன் கொடுக்கிற வங்கிக் கிளைகளுக்கு மதிப்பீடு செய்து தரும் வேல்யூவர்கள். கட்டப்போகிறவர் கொத்தனாரைத் தேடுவதற்கு முன்பு இந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். மாதம் ஒரு முறை போய், முடித்த வேலையின் படம் இரண்டைக் காட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வீட்டுக்காரரின் போன் நம்பரை எங்கிருந்தோ வாங்கி நேரடியாக அழைப்பதை நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவருக்கு, தெரியாத ஆள் "நீங்க பிளான் போட்டிருக்கீங்களாமே" என்று பேசினால் பயம்தான் வரும்.

பெரிய கட்டடங்களுக்கு வருவோம். இங்கேதான் பலரும் கவனிக்காத இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, சுற்றுச்சூழல் அனுமதி. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால், அதாவது ஏறக்குறைய 2,15,000 சதுர அடி, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் போடப்படும், மாநில நிபுணர் குழு அதைப் பரிசீலிக்கும், பிறகு மாநில ஆணையம் முடிவு சொல்லும். ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் வெளியாகின்றன. அதைத் திறந்து பாருங்கள்: புராஜெக்ட் நடத்துபவர் பெயர், சர்வே எண், கிராமம், தாலுகா, எத்தனை பிளாக், எத்தனை மாடி, கட்டுமானப் பரப்பு எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எத்தனை கிலோ லிட்டர் என்பதுவரை இருக்கும். பைலிங் செய்கிறவருக்கும், ரெடிமிக்ஸ் பிளாண்ட் நடத்துகிறவருக்கும், சுத்திகரிப்பு நிலையம் அமைப்பவருக்கும் இதைவிட நல்ல தகவல் வேறெங்கும் கிடைக்காது. அப்போது அந்த நிலத்தில் முள்வேலியும் கருவேல மரமும்தான் இருக்கும்.

இரண்டு, ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். மனைப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதாக இருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவான புராஜெக்ட்கள் வரிசையாக இருக்கும். புரமோட்டர் முகவரி, அனுமதி எண், எப்போது முடிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற தேதி எல்லாம் பார்க்கலாம். அந்த முடிக்கும் தேதியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். 2027 டிசம்பரில் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வேலை யு.பி.வி.சி. ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் பூச்சுக்குப் பிறகு வரும், அதற்கான ஆர்டர் ஸ்ட்ரக்சர் பாதி ஏறும்போதே பேசப்படும். அப்படியென்றால் 2026 கடைசியில் நீங்கள் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2027 ஜூலையில் போனால் போட்டி ரேட்டில் மிச்ச பிளாக் ஏதாவது கிடைக்கலாம்.

இது இரண்டிலும் வராத நடுத்தரக் கட்டடங்கள், உதாரணத்துக்கு ஒரு கல்யாண மண்டபம், ஒரு தனியார் மருத்துவமனை விரிவாக்கம், ஒரு பள்ளிக் கட்டடம், இவற்றுக்கு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம்தான் வழி. கேட்டால் சொல்லிவிடுகிற அலுவலகமும் உண்டு, சொல்லாததும் உண்டு. சொல்லவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் திட்ட அனுமதி வழங்கப்பட்ட கட்டடங்களின் சர்வே எண், கிராமம், பயன்பாடு, பரப்பளவு, அனுமதி எண், தேதி. இவ்வளவு மட்டும் கேளுங்கள். சொந்தக்காரர் போன் நம்பர் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மனுவையே ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு, அது நியாயமும்கூட. 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்ததும் சர்வே எண்ணை வைத்து நேரில் போய்ப் பாருங்கள், வேலை தொடங்குகிற இடம் என்றால் அனுமதி விவரப் பலகை வைத்திருப்பார்கள்.

போய் என்ன பேசுவது

பட்டியல் கையில் கிடைத்தவுடன் எல்லோருக்கும் ஒரே மெசேஜை ஃபார்வர்டு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அவர்களுடைய கட்டடத்தைப் பற்றி நீங்கள் ஏதாவது தெரிந்து வைத்திருப்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். உங்கள் நான்கு மாடிக் குடியிருப்புக்கு அனுமதி கிடைத்திருப்பதைப் பார்த்தேன். நாங்கள் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கான்கிரீட் லேபர் காண்ட்ராக்ட் எடுக்கிறோம். சொந்த ஷீட்டும் ஜாக்கியும் 6,000 சதுர அடிக்கு இருக்கிறது, ஒரு தளத்துக்கு வேண்டியதை வெளியில் வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. உங்கள் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இப்போது ஒரு ஸ்லாப் போடுகிறோம், இந்த வெள்ளிக்கிழமை கான்கிரீட். உங்கள் சைட் இன்ஜினியர் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்."

ரேட் எழுதவில்லை, கவனியுங்கள். டிராயிங் பார்க்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் பிறகு ரூஃப் பீம் ஆழம் இரண்டரை அடி என்று தெரியவரும்போது அந்தக் காகிதத்தையே நம் முன்னால் நீட்டுவார்கள். வெள்ளிக்கிழமை கான்கிரீட் பார்க்கக் கூப்பிட்டதுதான் அந்த மெசேஜில் முக்கியமான வரி. வந்து பார்த்த இன்ஜினியர், ஷீட் இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகுகிறதா, கவர் பிளாக் வைத்திருக்கிறோமா, வைப்ரேட்டர் இரண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கூடவே ஒன்று: யாராவது உங்களிடம் "பெரிய கம்பெனி புராஜெக்ட், நான் வாங்கித் தர்றேன், டாக்குமெண்ட் சார்ஜ் மட்டும் கட்டுங்க" என்று வந்தால் புராஜெக்ட்டின் ரெரா எண்ணைக் கேளுங்கள். அரசு வேலை என்றால் டெண்டர் ஐ.டி. கேளுங்கள். இரண்டும் இல்லாத ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அரசு வேலை

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 2000-ஆம் ஆண்டின் விதிகள் இரண்டின்படியும் நடக்கின்றன. அறிவிப்பு டிஎன்டெண்டர்ஸ் தளத்தில் வரும். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, வீட்டு வசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், காவலர் வீட்டு வசதிக் கழகம், மாநகராட்சிகள் என்று பல அலுவலகங்களுக்கும் அதே தளம்தான். மத்திய பொதுப்பணித் துறை, ரயில்வே, ராணுவப் பொறியியல் சேவை ஆகியவற்றுக்குத் தனித் தனித் தளங்கள்.

இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் என்றால் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. நாளைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். 15 நாள் என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் நீங்கள் எட்டாம் நாள்தான் டெண்டரைப் பார்த்தீர்கள் என்றால் சைட் பார்த்து, ரேட் வாங்கி, வைப்புத்தொகை கட்டி முடிக்க நேரம் போதாது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், நான் செவ்வாயும் வெள்ளியும், அரை மணி நேரம் தளத்தைத் திறந்து உங்கள் மாவட்ட அலுவலகங்களை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அரசு வேலைக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் படி பதிவு. பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாக ஒப்பந்ததாரர் பதிவு உண்டு, எந்த வகுப்போ அந்த மதிப்பு வரைதான் கேட்கலாம். பதிவுக்குக் கேட்கிற காகிதங்கள், சொத்து மதிப்புச் சான்று, வருமான வரி, ஜி.எஸ்.டி., செய்து முடித்த வேலைகளின் சான்று, இவற்றைச் சேர்க்கவே சில மாதம் ஆகும். கூடவே மூன்றாம் வகை டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வாங்கி, அது உங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறதா என்று டெண்டர் எதுவும் இல்லாத ஒரு நாளில் சோதித்து வையுங்கள்.

தகுதி நிபந்தனை என்ற பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு மத்திய பொதுப்பணித் துறையில் வழக்கமான நிபந்தனை: கடந்த ஏழு வருடத்தில் அதே மாதிரியான வேலை, மதிப்பீட்டில் 40 சதவீதம் மதிப்புள்ளது மூன்று, அல்லது 60 சதவீதம் உள்ளது இரண்டு, அல்லது 80 சதவீதம் உள்ளது ஒன்று. ஒரு கோடி வேலை கேட்க வேண்டுமானால் 40 லட்சம் வேலை மூன்று முடித்திருக்க வேண்டும். இதில் இடிக்கிறது என்றால் அந்த டெண்டரை அப்போதே மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தகுதி இல்லாத டெண்டருக்கு ரேட் போட்டு உட்கார்ந்த இரவுகளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தகுதி வரவில்லை என்பதற்காக அந்த வேலையே கிடைக்காது என்று ஆகிவிடாது. தளத்தில் டெண்டர் முடிவுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, யாருக்கு எந்த வேலை எவ்வளவுக்குப் போயிற்று என்று அதில் வரும். நான்கு கோடி ரூபாய் கல்லூரி விடுதிக் கட்டடம் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அவருக்கு அடுத்த மூன்று மாதத்தில் கம்பி ஆள், கொத்து ஆள், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் எல்லாம் வேண்டும். வெளியூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது, இங்கே ஆள் தெரியாது. சப் காண்ட்ராக்ட் செய்கிறவர்கள் டெண்டர் அறிவிப்பைவிட இந்த முடிவுப் பக்கத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும் என்பேன்.

அளவுப் பட்டியலும் சைட்டும்

அளவுப் பட்டியல், அதாவது பி.ஓ.க்யூ., எக்செல் ஷீட்டாக வரும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வரி சேர்க்காதீர்கள், செல் நகர்த்தாதீர்கள். மாற்றினால் தளம் ஏற்றுக்கொள்ளாது. சதவீத டெண்டர் என்றால் மதிப்பீட்டைவிட அதிகமா குறைவா என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன கட்டம் இருக்கும், பக்கத்தில் சதவீதம் எழுத இன்னொரு கட்டம். 4.5 என்று எழுதுவதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், அந்த முதல் கட்டத்தில் குறைவு என்பதற்குப் பதில் அதிகம் என்று இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். கீழே மொத்தத் தொகை எழுத்தில் வரும், அதை வாய்விட்டுப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

ரேட் போடும் முன்பு சைட் பார்க்காமல் இருக்கவே கூடாது. ஒரு முறை ஊராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு வகுப்பறை கட்டும் வேலை. மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது. நேரில் போனபோது பள்ளிக்குப் போகிற சந்தின் அகலம், டேப் வைத்து அளந்தேன், ஐந்தடி நாலு அங்குலம். லாரி முக்கில் நின்றுவிடும், டிராக்டரும் உள்ளே வராது, அங்கிருந்து பள்ளி 180 மீட்டர். செங்கல் 14,000 தேவைப்படும், ஒரு கல்லைச் சுமந்து கொண்டுபோய் அடுக்க ஒரு ரூபாய் என்றாலும் 14,000 ரூபாய். ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட், கம்பி எல்லாம் அதே வழியில்தான் போக வேண்டும். முக்கில் கொட்டினால் இரவில் காவலுக்கு ஓர் ஆள். சந்தில் குடியிருப்பவர்கள் வாசலை அடைக்கக்கூடாது என்பதால் காலை பத்து மணிக்குள் சுமந்து முடித்தாக வேண்டும். இது எதுவும் அளவுப் பட்டியலில் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. அந்த வேலையில் எனக்கு லாபம் என்று நினைத்திருந்ததில் பாதி அது. ஐந்து சதவீதம் குறைத்துக் கேட்கலாம் என்று இருந்தவன் ஒன்றரையோடு நிறுத்தினேன், வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சைட்டில் இதையும் பாருங்கள்: தண்ணீர் எங்கே, உப்பா நல்ல தண்ணீரா, கரண்ட் கம்பம் எவ்வளவு தூரம், பழைய கட்டடம் இடிக்க வேண்டுமா, இடித்த மண்ணை எங்கே கொட்டுவது, அஸ்திவாரக் குழியில் எந்த ஆழத்தில் ஊற்று வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்கள் கிணறு எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டாலே கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ரேட்டுக்குள் பணம் எங்கே போகிறது

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் அரசு வேலையில் பலரும் விழுகிற இடம் இதுதான். பத்து லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து பில் போடுகிறீர்கள். அரசு ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. ஜூலை 2022 முதல் 18 சதவீதம், ஆக பில் 11,80,000. இதில் பிடித்தம்: தனிநபர் பெயரில் செய்தால் வருமான வரி 1 சதவீதம், 10,000 (பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் 2 சதவீதம்). ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், 20,000. தொழிலாளர் நலவரி 1 சதவீதம், 10,000. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் நிறுத்தி வைப்பு என்று இருந்தால் 50,000. மொத்தம் 90,000 போய் 10,90,000 கைக்கு வரும்.

பரவாயில்லை, பத்து லட்சத்துக்கு மேலேயே வந்திருக்கிறதே என்று தோன்றும். அந்தப் பணத்தில் 1,80,000 உங்களுடையது இல்லை, அது ஜி.எஸ்.டி. சிமெண்ட், கம்பி நான்கு லட்சத்துக்குச் சரியான பில்லோடு வாங்கியிருந்தால் அதில் கட்டிய 72,000 கழியும். பிடித்த 20,000-மும் உங்கள் கணக்கில் வந்துவிடும். மிச்சம் 88,000 கட்ட வேண்டும். அதைக் கட்டி, சிமெண்ட் கம்பிக் கடைக்கு வரியோடு 4,72,000 கொடுத்த பிறகு உங்களிடம் இருப்பது 5,30,000. நீங்கள் மனக்கணக்காக ஆறு லட்சம் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இந்த 70,000 வித்தியாசத்தில்தான் சனிக்கிழமைக் கூலி நிற்கிறது. கம்பியை பில் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்து வாங்கியவருக்கு அந்த 72,000-மும் கழியாது.

ரேட் போடும் முன்பு இன்னொரு கேள்வி: பி.ஓ.க்யூ. தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, தனியாகத் தருவார்களா? இரண்டு மாதிரியும் இருக்கிறது. தெளிவாக இல்லை என்றால் டெண்டர் போடும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சிமெண்ட் வரி செப்டம்பர் 2025-இல் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய ரேட் ஷீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை வேண்டும் என்ற வேகத்தில் 15, 20 சதவீதம் குறைத்துக் கேட்பதைப் பற்றி என் கருத்து நேரானது: செய்யாதீர்கள். ரொம்பக் குறைத்தால் கூடுதல் பாதுகாப்பு வைப்புத்தொகை கேட்பார்கள், அந்தப் பணமும் முடங்கும். அதற்கும் மேலே, குறைத்த பணத்தை எங்கே எடுப்பது? சிமெண்டில் எடுப்பார்கள். அது ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையாக இருக்கும்.

ஏற்றும் நாள்

கடைசி நாள் மாலை மூன்று மணி என்று போட்டிருந்தால் உங்கள் கடைசி நாள் அதற்கு முந்தின நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் போன் காட்டும் நேரம் இல்லை. வைப்புத்தொகை, பெரும்பாலும் மதிப்பீட்டில் 1 சதவீத அளவு இருக்கும், ஆன்லைனில் கட்டினாலும் வங்கியிலிருந்து போய்ச் சேர்ந்ததாகக் காட்ட நேரமாகலாம். சில அலுவலகங்கள் அசல் டி.டி.யை நேரில் கொடுக்கச் சொல்வார்கள், யார் பெயரில், எந்த ஊரில் மாற்றத்தக்கதாக என்பதை எழுத்துப் பிசகாமல் எடுங்கள்.

திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று ஏற்றும் முன்பு பார்த்தே ஆக வேண்டும். ஒரு நகராட்சியில் சமுதாயக் கூட வேலை ஒன்றுக்கு முதல் நாளே டவுன்லோட் செய்து, ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கடையில் ரேட் வாங்கி, நிதானமாகத்தான் போட்டேன். முடிய மூன்று நாள் இருக்கும்போது தரை டைலின் அளவை மாற்றிப் புது பி.ஓ.க்யூ. போட்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பழைய ஷீட்டை வைத்துக்கொண்டு கடைசி நாள் மதியம் உட்கார்ந்தேன், தளம் அதை எடுக்கவில்லை, புது ஷீட்டில் எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப நேரம் இல்லை. அன்றிலிருந்து டெண்டர் பைலின் அட்டையிலேயே "திருத்தம் பார்த்த தேதி" என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முந்தின நாள் இரவு ஒரு தேதி, ஏற்றும் முன்பு ஒரு தேதி.

எல்லாம் ஏற்றியாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். கடைசியாக ஃப்ரீஸ் பட்டனை அழுத்தினால்தான் உங்கள் விலைப்புள்ளி சேரும். அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு வரும், அதில் உங்கள் பிட் எண், நேரம் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுங்கள்.

டெண்டர் திறந்த பிறகு உங்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள் என்றால் காரணத்தைத் தளத்திலேயே பார்க்கலாம். ஏற்பு உத்தரவில் அநியாயம் நடந்ததாக நீங்கள் நினைத்தால், உத்தரவு கைக்குக் கிடைத்த பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய முன்பு சொன்ன 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்தே நாள்தான், புலம்பிக்கொண்டு இருந்தால் போய்விடும்.

வேலை கிடைத்தது, செய்தும் முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், பதிகிற அளவுகளை ஒவ்வொரு முறையும் உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். மூடி மறைகிற வேலைகள், அஸ்திவாரக் கான்கிரீட், கம்பி, இவற்றை மூடும் முன்பு அளவெடுக்கச் சொல்லி, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். நிறுத்தி வைத்த 50,000 எந்தத் தேதியில் விடுவிக்க வேண்டியது என்று காலண்டரில் குறியுங்கள், யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். கடைசி பில் வாங்கும் அன்றே வேலை முடித்த சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள், வேலையின் பெயர், மதிப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்த அதிகாரி மாறுதலாகிப் போன பிறகு கேட்டால் பழைய பைலைத் தேடி எடுக்கவே மாதக் கணக்கு ஆகும், அடுத்த பெரிய டெண்டரின் தகுதிப் பக்கத்தில் முதலில் கேட்பதோ இந்தச் சான்றைத்தான்.